என்.ஓ., என்.சி.: மடைக் கணக்கு இங்கே செல்லாது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கிறவர்களைக் குழப்புவது 'ஓப்பன்' என்ற சொல்தான். என்.ஓ. என்றால் 'நார்மலி ஓப்பன்' (திறந்தது), என்.சி. என்றால் 'நார்மலி குளோஸ்டு' (மூடியது). ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்காலில் மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும். மின்சாரத்தில் நேர் எதிர். திறந்திருந்தால் இணைப்பு இல்லை, கரண்ட் போகாது, மூடியிருந்தால்தான் போகும்.

'நார்மலி' என்றால், யாரும் அழுத்தாமல், கரண்ட் கொடுக்காமல் மேசைமேல் சும்மா கிடக்கும் நிலை.

பச்சை ஸ்டார்ட் பட்டன் என்.ஓ., அழுத்தினால் சேரும். சிவப்பு ஸ்டாப் பட்டன் என்.சி., அழுத்தினால் பிரியும். ஸ்டாப்புக்கு ஏன் என்.சி.? எலி அந்த ஒயரைக் கடித்து அறுத்தாலும் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காகத்தான். தயவுசெய்து அதை ஷார்ட் செய்து ஓட்டாதீர்கள்.

கான்டாக்டரில் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்ச்) முனைகளின் எண் 13-14 என்று இருந்தால் என்.ஓ., 21-22 என்றால் என்.சி. ஓவர்லோட் ரிலேயில் (மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது) 95-96 என்.சி., 97-98 என்.ஓ.

எண் அழிந்துவிட்டதா? மெயினை அணைத்து, அந்த முனையின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் நிலை) வைத்து, இரு முனைகளையும் தொடுங்கள். பட்டனைத் தொடாமலே 'பீப்' வந்தால் என்.சி. அழுத்திய பிறகு வந்தால் என்.ஓ.