தோர் மலைச் சுவர்: ஏறும் முன் இறங்கப் பழகுங்கள்

கனடாவின் பாஃபின் தீவில், அவ்யுயிட்டுக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது தோர் மலை. உயரம் 1,675 மீட்டர்தான். ஆனால் அதன் மேற்குச் சுவர் மட்டுமே 1,250 மீட்டர். சராசரிச் சாய்வு 105 டிகிரி, அதாவது செங்குத்தையும் தாண்டி 15 டிகிரி வெளியே துருத்திய கருங்கல். 1985-ல் இந்தச் சுவரில் முதலில் ஏறிய நான்கு அமெரிக்கர்களுக்கு 33 நாள் பிடித்தது.

பாங்னிர்டங் ஊர்தான் வாசல். பூங்கா அலுவலகத்தில் பதிவும் அறிமுக வகுப்பும் கட்டாயம். அடுப்பு எரிபொருள், கரடி ஸ்பிரே இரண்டையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஊரிலேயே ஏற்பாடு செய்யுங்கள். ஃபியர்டின், அதாவது மலைகளுக்கு இடையே நீளும் கடற்கழியின், தலைப்பகுதிக்குக் கோடையில் படகு. ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறியிருக்கும்போதுதான் கரையை அணுக முடியும். பிறகு நடை. பனியாற்று ஓடைகளை விடியற்காலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற உருகுநீர் பெருகும்.

இரண்டு பேர், 10 நாள், ஆளுக்குத் தினம் 3 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 60 கிலோ. பாட்டில்களை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறைந்தால் வெடிக்கும். சுமையை ஒரே நடையில் கொண்டுபோக நினைப்பதுதான் பலருக்கு முழங்காலைக் கெடுக்கிறது.

இனி, உண்மையில் உயிரைக் காப்பது: இறங்கும் முறை. இந்தச் சாய்வில் கயிற்றை நேராகத் தொங்கவிட்டு 50 மீட்டர் இறங்கினால், பாறையிலிருந்து 13 மீட்டர் தள்ளி அந்தரத்தில் நிற்பீர்கள். அடுத்த நங்கூரம், அதாவது கயிற்றைக் கட்டப் பாறையில் பதித்த பிடிப்பு, கைக்கு எட்டாது. அதனால் முதலில் இறங்குபவர் கயிற்றின் இரு முனைகளிலும் முடிச்சுப் போட்டு, பிரஷிக் முடிச்சை (எடை விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிப்பது) காவலாக வைத்து, சில மீட்டருக்கு ஒருமுறை கயிற்றைப் பாறையிலுள்ள போல்ட்டிலோ ஆணியிலோ காராபினரால் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டிக்கொண்டே போக வேண்டும். மாட்டும் இடம் தவறினால் உடனே நின்றுவிடுங்கள். இன்னும் 10 மீட்டர் இறங்கிவிட்டால், ஊஞ்சலாடினாலும் பாறையைத் தொட முடியாது. பிரஷிக்கில் ஏறித்தான் திரும்ப வேண்டும்.

கீழ் நங்கூரத்தை அடைந்ததும் கயிற்று முனைகளை அதில் கட்டிவிட்டுத்தான் மேலே குரல் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் காராபினர்களைக் கழற்றியபடி இறங்குவார். அவர் வந்து சேர்ந்த பிறகும் முனையைக் கைநழுவ விடாதீர்கள். கட்டாத கயிறு ஒருமுறை வெளியே ஊசலாடிப் போனால் திரும்பக் கைக்கு வராது.