மார்கழியில் ஒழுகிய வெந்நீர்க் குழாய்: என் அனுபவம்

சென்னையில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. ஆனால் ஓய்ந்திருந்த கீசரை வீட்டில் எல்லோரும் அன்றாடம் போடத் தொடங்கும் மார்கழியில்தான், திருவொற்றியூரில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் வெளிவரும் இணைப்பு ஒழுகத் தொடங்கியது.

சுவரில் பதித்த டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தபோது, குளிர்ந்த நீருக்குரிய யூபிவிசி குழாயையே வெந்நீருக்கும் பதித்திருந்தது தெரிந்தது. அது அதிகபட்சம் 60 டிகிரி வெப்பத்தையே தாங்கும். அதற்குக் குறைவான சூட்டிலேயே அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடுவதால், நாளடைவில் குழாய் நெளிந்து, இணைப்பின் திருகு மரையின் பிடி தளர்ந்துவிடுகிறது. கீசரோடு சேரும் இரும்பு நிப்பிளும் (இருபுறமும் மரையுள்ள சிறு இணைப்புக் குழாய்) கடலோர உப்புக் காற்றில் துருவேறியிருந்தது.

பிளம்பரை அழைத்து, கீசரிலிருந்து ஷவர் வரை 93 டிகிரி வரை தாங்கும் சிபிவிசி குழாயாக மாற்றினோம். அதற்கென்றே உள்ள சிபிவிசி பசையைக் கடையில் கேட்டு வாங்குவது அவசியம். சாதாரண பிவிசி பசை வெந்நீருக்கு ஏற்றதன்று. மரை வரும் இடங்களில் பித்தளை மரை கொண்ட அடாப்டர்களை டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினோம்.

பசை இறுகுவதற்கு ஒரு முழு நாள் விட்டு, வெந்நீரை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்த பிறகே சுவரை மூடச் சொன்னேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் சுவரை மூட எந்தப் பிளம்பர் அவசரப்படுத்தினாலும் இணங்காதீர்கள். கீசரின் வெப்பநிலையையும் 50 டிகிரிக்குக் குறைத்துவிட்டேன்; குளிப்பதற்கு அதுவே தாராளம், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவும் அதனால் குறையும்.