தெருமுனை பாருக்கு ஊர்ச் சாயல்: சுவரை விடுங்கள், கவுண்டரில் தொடங்குங்கள்

பார் உள்வடிவமைப்புக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள், "ஊர்ச் சாயல் தெரியணும்" என்று சொல்லி, மறுநாளே சுவரில் மாட்ட ஒரு கட்டுப் பழைய புகைப்படங்களோடு வந்து நிற்பார்கள். வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன்.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒரு துறைமுகப் பகுதி பாரின் சுவரில் மரச் சுக்கான் சக்கரம் ஒன்றை மாட்டினேன். திறந்த அன்றே, முன்பு சரக்கு இறக்கும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "இது இங்கே எந்தப் படகுல இருந்துச்சு தம்பி?" அலங்காரக் கடையில் இருந்தது. வேறென்ன சொல்ல?

அதனால் வரைபடத்துக்கு முன் இரண்டு மாலை அந்தத் தெருக்களில் நடங்கள். வாசற்படி என்ன கல், கிடங்குக் கதவு என்ன மரம், வேலை விட்டதும் ஆட்கள் உட்காருகிறார்களா, நிற்கிறார்களா? பார்த்ததையெல்லாம் கையும் காலும் படுகிற இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். பாரிஸில் கவுண்டருக்கே 'துத்தநாகம்' என்று பெயர், மேலே போர்த்திய தகட்டால் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் 'பழுப்பு கஃபே'க்களுக்குக் கருத்த மரமும் புகையிலைப் புகை ஏறிய சுவரும் பெயர் கொடுத்தன. அதற்காகப் பழுப்பு பெயின்ட் டப்பாவைத் தூக்காதீர்கள்.

கவுண்டருக்குப் பழைய மரம் நல்லது. இடித்த கிடங்கின் தரைப்பலகை கிடைத்தால் விடாதீர்கள். இழைக்கும் முன் மெட்டல் டிடெக்டரால் தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்த ஒரே ஆணி போதும், மெஷின் பிளேடு போய்விடும். ஆனால் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டையும் படகுத்துறைக் கட்டையும் வேண்டாம். பெரும்பாலும் மரம் உளுத்துப்போகாமல் இருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். தார் வாடையே காட்டிக்கொடுக்கும். கிளாஸும் கையும் படும் இடத்துக்கு அது நஞ்சு. கவுண்டர் உயரம் 42 அங்குலம், கால் வைக்கும் கம்பி தரையிலிருந்து 8 அங்குலம். பாரம்பரியம் என்று சொல்லி இதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் இருக்கை. பெல்ஃபாஸ்டின் கிரவுன் பாரை 1978-ல், பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. அங்கே கதவு போட்ட சின்னச் சின்ன மர அறைகள், ஆளைக் கூப்பிட மணி, தீக்குச்சி உரச உலோகத் தகடு எல்லாம் உண்டு. குடிப்பது வெளியே தெரியக் கூடாது என்று நினைத்த விக்டோரியா காலத்து ஆட்களுக்கு வசதி. அந்தச் செதுக்கலை நகலெடுத்துப் பயனில்லை, காரணத்தைப் பாருங்கள். என் துறைமுகத்து ஆட்கள் நின்றே குடிப்பவர்கள். ஒரு பக்கத்து ஸ்டூல்களை எடுத்துவிட்டு, சுவரோரம் கிளாஸ் வைக்க நீளப் பலகை அடித்தேன்.

சக்கரத்தையும் கழற்றியாயிற்று. அது தொங்கிய போல்ட் மட்டும் சுவரிலேயே இருக்கிறது. பெரியவர் வந்தால் அதில் தொப்பியை மாட்டுகிறார்.