ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றாதீர்கள்: வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசி விரதம் தொடங்குவதற்கு முன்பே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் தரை தேய்ப்பதும் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஆரம்பித்துவிடும். அந்த நாட்களில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது, கறை போகவில்லை என்றவுடன் முதலில் ஊற்றியதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுவதுதான்.

என் மாமா அப்படித்தான் செய்தார். புதிதாகப் பதித்த குளியலறை ஓடுகளில் ஒட்டியிருந்த சிமெண்டைப் போக்க முதலில் பிளீச் ஊற்றினார். அது அசையாததால், நீச்சல்குளத்துக்கென்று கடையில் விற்கும் ஆசிட்டை அந்த ஈரத்தின் மேலேயே ஊற்றினார். தரையில் நுரை பொங்கியது. மூக்கை அறுப்பது போன்ற நெடி எழுந்தது. பிளீச்சும் அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டியே தேங்கும். குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தவரின் முகமும் அங்கேதான் இருந்தது. இருமியபடியே வெளியே ஓடிவந்துவிட்டார். ஆனாலும், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், அன்றிரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தார்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், சிமெண்டின் மேல் பிளீச் வேலையே செய்யாது. சிமெண்ட், துரு, உப்புநீர்க் கறை ஆகியவற்றுக்கு ஆசிட், பூஞ்சைக்கு பிளீச். எது எதற்கு என்று தெரிந்திருந்தால் இரண்டாவது பாட்டிலைத் தேடவே வேண்டியிருந்திருக்காது. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஆசிட் உண்டு, சமையலறை கிரீம்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. பிளீச்சோடு இவையும் ஆகாது. ஆசிட்டைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யும்போது, வாளித் தண்ணீரில் ஆசிட்டை மெல்ல விட வேண்டுமே தவிர, ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிஞ்சிய பெயிண்ட் தின்னரைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது அடுத்த தவறு. பார்வைக்கு அது தண்ணீர்தான். தாகத்தில் வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. குடித்துவிட்டால் பதறிப்போய் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏனெனில் திரும்பி வரும் திரவம் நுரையீரலுக்குள் போய்விடலாம். 0861 555 777 என்ற நச்சுத் தகவல் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

சாட்ஸ்வொர்த் வீடுகள் பல 1960களில் கட்டப்பட்டவை. தென்னாப்பிரிக்கச் சட்டம் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு, பத்து லட்சத்தில் 600 பங்கு என்று, வரம்பு விதித்ததோ 2009இல்தான். ஆகவே பழைய பெயிண்டை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப் பக்கமே விடக் கூடாது.

மரக்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு, நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகே எறியுங்கள்.