ஸ்கிரீட் காய்ந்துவிட்டது என்று யார் சொன்னது?

தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் புது ஸ்கிரீட் (டைல்ஸுக்கு அடியில் குழாயை மூடிப் போடும் சாந்துப் படுகை) ஒன்றின் மேல் அண்மையில் ஒரு பையன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "நல்லா காய்ஞ்சிடுச்சு அண்ணா, நாளைக்கே டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றான். எனக்குப் பகீரென்றது. இதே மாதிரி கை வைத்துப் பார்த்துத்தான் நான் ஒரு வீட்டின் கூடத்தையே பெயர்க்க வேண்டி வந்தது. தூசி கூட்டுவது, மட்டம் பார்ப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, இந்த மாதிரித் தரையில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சூடேற்றிப் பார்க்காமல் ஒட்டுவது

கைக்குத் தெரிவது மேல்தோல் மட்டும்தான். ஈரம் அடியில் உட்கார்ந்திருக்கும். நல்ல காற்றோட்டம் இருந்தால் சிமென்ட் ஸ்கிரீட் முதல் 40 மி.மீ. வரை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. காயும், அதற்குமேல் இன்னும் மெதுவாக. அப்படியென்றால் 65 மி.மீ. ஸ்கிரீட்டுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகும்.

நான் நாலாவது வாரமே ஒட்டிவிட்டேன். குளிர் வந்ததும் வீட்டுக்காரர் ஹீட்டிங்கை ஒரேயடியாக முழுசாகத் திறந்தார். ராத்திரி 'டப்' என்று சத்தம். காலையில் போய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவில் இரண்டு வரிசை டைல்ஸ் கூரை முகடு மாதிரி ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கிறது. ஒன்றைத் தூக்கினேன். கரணை பல் இழுத்த கோடுகூட அழியாமல் பசை முழுக்க டைலின் முதுகிலேயே இருந்தது. கீழே ஸ்கிரீட் கறுத்து, சில்லென்று ஈரமாக இருந்தது. ஈரம் போகும்போது அது சுருங்குகிறது, சூட்டில் விரிகிறது. இந்த ஆட்டமெல்லாம் டைல்ஸ் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

முறை இதுதான். சிமென்ட் ஸ்கிரீட் என்றால் குறைந்தது 21 நாள், ஜிப்சம் வகை என்றால் 7 நாள் பொறுக்க வேண்டும். அப்புறம் குழாய்த் தண்ணீரை 20 முதல் 25 டிகிரியில் 3 நாள் ஓட விட்டு, பிறகு படிப்படியாக ஏற்றி, வடிவமைத்த உச்ச வெப்பத்தில் 4 நாள் வைத்து, அதேபோல் மெதுவாக இறக்க வேண்டும். இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் ஈரத்தை அளக்க வேண்டும். ஸ்கிரீட்டின் அடிவரை கொத்தி எடுத்த தூளைக் கால்சியம் கார்பைடோடு இரும்புப் புட்டியில் போட்டுக் குலுக்கினால், உருவாகும் வாயுவின் அழுத்தம் ஈரத்தைச் சொல்லிவிடும். ஹீட்டிங் உள்ள சிமென்ட் ஸ்கிரீட்டில் 1.8 சதவீதமும், ஜிப்சத்தில் 0.3 சதவீதமும் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடி சூடேற்றுங்கள். "வேலை நிக்குது" என்று யார் கத்தினாலும் சரி. பெயர்க்கிற அன்றைக்குக் கத்தியவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்.

ஒட்டும்போது ஹீட்டிங் ஓடக் கூடாது. ஒட்டி முடித்த பிறகும், பசை மூட்டையில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை தொடாதீர்கள்.

ஜிப்சத்தின் மேல் நேராகச் சிமென்ட் பசை

ஜிப்சம் ஸ்கிரீட்டின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும். அதைத் தேய்த்து, தூசி உறிஞ்சி, பிரைமர் (பசைக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். பிரைமர் இல்லாவிட்டால் ஈரத்தில் சிமென்ட்டும் ஜிப்சமும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது ஊசி ஊசியாகப் பருத்து டைலைத் தள்ளிவிடும்.

இணைப்பு இடைவெளியை டைலால் மூடுவது

ஸ்கிரீட்டில் எங்கே இடைவெளி விட்டார்களோ, டைல்ஸிலும் அதே கோட்டில் விடுங்கள்.

சுவரோர நுரைப்பட்டையை முதலிலேயே வெட்டுவது

டைல்ஸ் இடுக்கில் கிரவுட் நிரப்பிய பிறகுதான் வெட்ட வேண்டும்.

வளையாத பசை

வேண்டாம்.

அளக்கும் இடத்தைக் குறிக்காமல் விடுவது

ஸ்கிரீட் போடும்போதே, குழாய் போகாத இரண்டு மூன்று இடங்களில் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கூடத்தைப் பெயர்த்தபோது என் உளி குழாயில் இறங்கியது. அந்த இரவு முழுக்க வாளியும் துணியுமாகத் தண்ணீர் அள்ளினேன்.