பழைய நீச்சல் குளத்துக்குள் ஒரு திண்ணை

வீட்டில் குளம் கட்டி ஒரு கோடை போனால் போதும், நீந்துகிறவர்களைவிட ஓரமாகக் காலைத் தொங்கப் போட்டு அரட்டை அடிக்கிறவர்கள்தான் அதிகம் என்று தெரிந்துவிடும். அவர்களுக்காகத்தான் குளத்துக்குள்ளேயே ஓரமாக, ஆழமில்லாமல் கட்டும் இந்த மேடை. முக்கால் அடித் தண்ணீரில் சாய்நாற்காலி போட்டுக் கிடக்கலாம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். கான்ட்ராக்டர்கள் இதை டேனிங் லெட்ஜ், பாஹா ஷெல்ஃப் என்பார்கள். ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட் குளத்தில் இதைச் சேர்ப்பது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன். ஃபைபர் கிளாஸ் குளங்களிலும், வினைல் லைனர் என்ற பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளங்களிலும் கான்கிரீட் பிடிக்காது, அவற்றுக்கு இறக்கி வைக்கிற ரெடிமேட் மேடைதான் சரி.

வேலையை ஆரம்பிக்கும் மாதம் முக்கியம். குளத்தைக் காலி செய்தால்தான் இதைக் கட்ட முடியும், ஆனால் சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலி செய்தால் மொத்தக் குளமும் படகு மாதிரி மேலே கிளம்பும், தரை விரிசல் விடும். ஈ.சி.ஆர். பக்கம், கடற்கரை மணலில் கட்டிய குளங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வடகிழக்கு மழை முடிந்த கையோடு தொடாதீர்கள், ஏப்ரல், மே மாதம் பாருங்கள். அப்போதும் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் உங்கள் குளத்துத் தரைமட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பம்பைப் போடுங்கள்.

மொட்டை மாடிக் குளமா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்காமல் ஒரு கல்கூட வைக்கக் கூடாது. 8 அடிக்கு 6 அடி மேடை, மூன்றடி உயரம் முழுக்கக் கான்கிரீட்டாகப் போட்டால் பத்து டன்னுக்குப் பக்கத்தில் வரும், அந்த இடத்தில் இருந்த தண்ணீரோ நாலு டன்தான்.

அளவைப் பொறுத்தவரை, மேடைக்கு மேல் 9 அங்குலத் தண்ணீர் நின்றால் நாற்காலிக்கும் சரி, குழந்தைக்கும் சரி. ஆனால் இந்த 9 அங்குலத்தை ஓரக்கல்லிலிருந்து அளந்துவிடுவார்கள், அப்புறம் தண்ணீர் நிரப்பினால் கணுக்கால்கூட நனையாது. மேலே மிதக்கும் குப்பையை இழுக்கிற ஸ்கிம்மர் வாயின் பாதியில் நிற்கும் நீர்மட்டத்திலிருந்துதான் அளக்க வேண்டும். படுக்கிற நாற்காலி போட ஆறடிக்குக் குறையாத அகலம் வேண்டும், சும்மா உட்கார நாலடி போதும். குளமே சின்னது என்றால் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது, நீந்த இடமே இருக்காது. நம்மூரில் யாரும் வெயிலில் காய்வதற்காகக் குளத்தில் இறங்குவதில்லை, அதனால் சாயங்கால நிழல் விழும் பக்கமாகப் பாருங்கள். மேற்கே வீடோ மரமோ இருந்தால் அந்த ஓரம்தான் இடம்.

இடம் முடிவானதும் அந்தச் சுவரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் ரிட்டர்ன் இன்லெட் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருக்கும், மேடை கட்டினால் அது புதைந்துவிடும். அந்தக் குழாயை நீட்டி மேடையின் முன்பக்கம் கொண்டுவந்துவிட்டு, கூடவே மேடைக்கு மேலேயும் ஒரு இன்லெட் வைக்கச் சொல்லுங்கள். லைட் இருந்தால் இடம் மாற்றியே ஆக வேண்டும். குடை நடக் குழி வேண்டும், நீரூற்று வேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், கான்கிரீட் போட்ட பிறகு அதெல்லாம் நடக்காது.

இந்த வேலையில் சறுக்குவது எப்போதும் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடம்தான். மேடை வரும் இடத்தில் டைல்ஸையும் பூச்சையும் கொத்தி எடுத்து, சுவரிலும் தரையிலும் துளை போட்டு, எபாக்ஸி பசை விட்டுக் கம்பி சொருக வேண்டும். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுவரைத் தாண்டி மறுபக்கம் போய்விடுவார்கள். துளைக்குள் இருக்கும் தூசியை பிரஷ் போட்டு, காற்றடித்து ஊதித் தள்ள வேண்டும், தூசியோடு சொருகிய கம்பி இழுத்தால் கையோடு வரும். நீங்களே நாலு கம்பியை ஆட்டிப் பாருங்கள், மேஸ்திரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிறகு முன்பக்கத்துக்குக் கான்கிரீட் சுவர், உள்ளே ஜல்லியும் எம்-சாண்டும் போட்டு அடுக்கடுக்காக இடித்து நிரப்பல், மேலே கம்பி கட்டி 6 அங்குல ஸ்லாப். பழைய செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்ப விடாதீர்கள், அது நாளடைவில் உட்கார்ந்து ஸ்லாபுக்கு அடியில் பொந்து விழும். மேல்தளம் குளத்தை நோக்கி லேசாகச் சரிந்திருக்கட்டும். ஆழமான பக்கம் இறங்க ரெண்டு படியையும் இதோடு சேர்த்தே வார்த்துவிடலாம்.

பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் கட்டி, அப்புறம் வாட்டர் ப்ரூஃபிங், அதன் மேல் டைல்ஸ். இணைப்பு ஓடும் மூலைகளில் வாட்டர் ப்ரூஃபிங்கோடு வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள். மேலே வெளிர் நிறத்தில் சொரசொரப்பான கல், நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய, அதாவது ஃபிளேம் செய்த கிரானைட் நன்றாக இருக்கும். கறுப்பு வேண்டாம், ஆழம் குறைந்த தண்ணீர் நம் வெயிலில் வெந்நீராகிவிடும். விளிம்பில் மட்டும் அடர் நிறத்தில் ஒரு வரிசை டைல் ஓடட்டும், மேடை எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஆழத்தில் கால் வைக்கிறவர்கள் உண்டு. சின்னக் குழந்தைகளை 9 அங்குலம்தானே என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்த ஆழமே மூழ்கப் போதும்.

தண்ணீர் நிரப்பியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேடை மேல் ஒரு பக்கெட்டை வைத்து, குளத்துத் தண்ணீரையே அதில் வெளி மட்டத்துக்குச் சரியாக ஊற்றி, பக்கெட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கோடு போடுங்கள். ரெண்டு நாள் கழித்து இரண்டு மட்டமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்த தண்ணீர். வெளியே அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு, கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காமல் கூப்பிடுங்கள்.

பாசி முதலில் பிடிப்பதும் இந்த மேடையில்தான், ஆழமில்லாத இடத்தில் வெயில் குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும். குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் ஆசிட்டை 30 முதல் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் வைத்துக்கொண்டு, பகலில் பம்பு ஓடும்படி டைமரைத் திருப்பி, வாரம் ஒருமுறை மேடையின் உள்மூலைகளை பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.