ஹை நோட் பாடணும், ஆனா தொண்டை போகக்கூடாதா?

ஹை நோட்னா சத்தமா கத்துறதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அங்கதான் தொண்டை போகுது. சுருதி ஏற ஏற குரல்நாண் இழுபட்டு மெலிசாகும், 1000 ஹெர்ட்ஸ் பக்கம் போனா செகண்டுக்கு 1000 தடவை அதிருது, அதுல மூச்சை வேற முட்டித் தள்ளினா வீங்காம என்ன செய்யும்?

அதனால முதல்ல உதட்டை பர்ர்ர்னு அதிரவிட்டு, இல்ல ஸ்ட்ராவுக்குள்ள ஹம் பண்ணி, கீழ இருந்து மேல மெதுவா சறுக்கிப் போங்க, சவுண்டை கம்மியாவே வைங்க, தாடையோ கழுத்தோ இறுகுச்சுன்னா சுருதியை அரைக்கட்டை இறக்கிடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

கஷ்டமான அந்த ஒரு வரியவே திருப்பித் திருப்பி பாடாதீங்க, நடுவுல ரெஸ்ட், தண்ணி. பாடப் பாட ராகம் வரும்தான், ஆனா வலியோட பாடினா கரகரப்புதான் வரும், உடனே நிறுத்திடுங்க. குரல் கம்மினது 3 வாரம் தாண்டியும் போகலைன்னா ஈஎன்டி டாக்டரைப் பாருங்க.